மூன்று தலைமுறை, மூன்று ஒப்பந்தம்: ராணுவத்துக்கு வரமாட்டேன் என்னும் மகனுக்கு என்ன சொல்வது?

வாசகர் கேள்வி:

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். அப்பா 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்து 1971 சண்டையைப் பார்த்தவர். நான் 1994-இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து, 24 வருஷம் முடித்து, 2018-இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது மிலிட்டரியில் இருப்பார்கள். என் மகனுக்கு 19 வயது, டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறான். உயரமும் உடம்பும் சரியாக இருக்கிறது. ஆனால் "நாலு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அப்புறம் என்ன பண்றது?" என்று மறுக்கிறான். விடியற்காலை எழுப்பி ஓடச் சொன்னால் வீட்டில் சண்டை. அவன் வயசுப் பையன்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தத் தலைமுறைக்கு நாட்டுப்பற்றும் துணிச்சலும் குறைந்துவிட்டதா? அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? ஸ்கூலில் என்.சி.சி. 'ஏ' சர்டிபிகேட் வாங்கி இப்போது பிளஸ் ஒன் படிக்கும் மகள்தான் தினமும் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் மகன் கேட்பது பயந்தவன் கேள்வி இல்லை. வேலையில் சேருவதற்கு முன் எந்தப் பொறுப்புள்ள இளைஞனும் கேட்க வேண்டிய கேள்வி அது. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் ராணுவம் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், அது தந்த ஒப்பந்தம் மூன்று விதமானது. அதை முதலில் பார்த்துவிட்டால் பாதி மனத்தாங்கல் குறையும்.

உங்கள் அப்பா சேர்ந்தது சீனப் போருக்குப் பிறகு படையை வேகமாகப் பெருக்கிய காலம். அன்றைக்குக் காலாட்படைச் சிப்பாய்க்குக் கலர் சர்வீஸ், அதாவது முழுநேரப் படைப்பணி, 7 ஆண்டு, அதன்பின் 8 ஆண்டு ரிசர்வ். ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கலாம், கூப்பிட்டால் திரும்பப் போக வேண்டும். 1965-இல் அது 10 ஆண்டானது, 1976-இல் 17 ஆண்டானது. 15 ஆண்டு முடித்தால் ஆயுளுக்கும் பென்ஷன் என்ற விதியோடு இந்த 17 ஆண்டும் சேர்ந்தபோதுதான் நீங்கள் அறிந்த "மிலிட்டரி உத்தியோகம்" உருவானது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் போனவர் நாற்பதுக்கு முன்னேயோ நாற்பதைச் சற்றுத் தாண்டியோ பென்ஷனோடு திரும்புவார். கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவம், மறுவேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு, 2014 ஜூலை முதல் கணக்கிட்டு வந்த ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என எல்லாம் அதோடு வந்தன. 1994-இல் நீங்கள் கையெழுத்திட்டது இந்த ஒப்பந்தத்தில்.

மகன் முன்னால் இருப்பது 2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 4 ஆண்டு. அது முடிந்தபின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரைத் தேர்ந்தெடுத்து மேலும் 15 ஆண்டுக்கு வைத்துக்கொள்வார்கள். குறைந்தது நான்கில் மூன்று பேர் வெளியே வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, கேன்டீன் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. குறுகிய சேவை என்ற எண்ணம் திடீரென்று முளைத்ததும் அல்ல. கார்கில் போருக்குப்பின் அமைந்த மறுஆய்வுக் குழுவே சேவைக் காலத்தை 17-லிருந்து 7 முதல் 10 ஆண்டாகக் குறைக்கலாம் என்று சொல்லியிருந்தது. ஆனால் வீட்டில் பேசும்போது நீங்கள் உங்கள் 24 ஆண்டை மனதில் வைத்து "போ" என்கிறீர்கள், அவன் 4 ஆண்டை மனதில் வைத்து "மாட்டேன்" என்கிறான். இருவரும் பேசுவது ஒரே வேலையைப் பற்றியே அல்ல.

துணிச்சல் குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நிகழ்வுகளை நினைத்துப் பாருங்கள். அக்னிபத் அறிவித்த அதே வாரத்தில் பீகாரிலும் செகந்திராபாத்திலும் ரயில் எரிந்தது. வன்முறையை நியாயப்படுத்தவே முடியாது. ஆனால் தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தில் சேரத் துடித்தவர்கள். கொரோனாவால் இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பு நின்றுபோய், வயது தாண்டிக்கொண்டிருந்த பையன்கள். அடுத்து, அக்னிபத்தில் சேருபவரை அக்னிவீர் என்பார்கள்; அந்த ஆண்டு விமானப்படை அக்னிவீர் தேர்வுக்கு மட்டும் வந்த விண்ணப்பங்கள் 7,49,899. சேர மனமில்லாத தலைமுறை இப்படி வரிசையில் நிற்காது.

உங்கள் பக்கத்தில் வரிசை குறைவதாகத் தோன்றினால் காரணத்தை உங்கள் ஊரைச் சுற்றியே தேடலாம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் மாவட்டம் உங்களுடையது. வானம் பார்த்த நிலமும், பத்தாவதோடு நின்ற படிப்பும் இருந்த காலத்தில் பட்டாளம்தான் மாதச் சம்பளம் வரும் ஒரே பெரிய கதவு. இன்று ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகள், ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. டிப்ளமோ கையில் உள்ள பையனுக்கு அக்னிவீர் என்பது பல கதவுகளில் ஒன்று. அதோடு, உங்கள் அப்பா காலத்தில் நான்கைந்து பிள்ளைகளில் ஒருவனை அனுப்பினார்கள். இப்போது பல வீடுகளில் இருப்பது ஒரே மகன். அம்மாவின் பேச்சுக்கு அந்த வீட்டில் இருக்கும் எடை வேறு.

விருப்பம் என்பது பிறவிக் குணம் போல மாறாமல் நிற்பதும் அல்ல. அமெரிக்க ராணுவத்துக்கு 2022-இல் 60,000 பேர் தேவைப்பட்டார்கள், ஏறத்தாழ 15,000 பேர் குறைந்தார்கள். அங்கும் இந்தத் தலைமுறையைப் பற்றி நீங்கள் கேட்பதையே கேட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் ஒரு தயாரிப்புப் பயிற்சியைத் தொடங்கினார்கள். எழுத்துத் தேர்விலோ உடல் எடையிலோ கொஞ்சம் பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு, சில வாரம் பாடமும் உடற்பயிற்சியும் கொடுத்து, பிறகு அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆள்சேர்ப்பு முறையையும் திருத்தினார்கள். 2024-இல் 55,000 என்ற இலக்கை எட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டில் தலைமுறை மாறவில்லை. கேட்ட விதமும் கொடுத்த வழியும் மாறின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஓய்வு பெற்றபோது மகனுக்குப் பதினொரு வயது இருந்திருக்கும். அதுவரை அவன் பார்த்த ராணுவம், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் லீவில் வரும் அப்பா. காய்ச்சலுக்கு அம்மா தனியாக ஆட்டோ பிடித்தது, ஸ்கூல் கூட்டத்துக்கு மாமா வந்தது, எல்லையில் ஏதாவது செய்தி வந்தால் வீட்டில் யாரும் சாப்பிடாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்தது. நீங்கள் யூனிட்டில் கண்ட தோழமை, பதக்கம், "வீர மதராஸி" என்ற முழக்கம் எதையும் அவன் கண்ணால் பார்க்கவில்லை. ராணுவ வீட்டுப் பிள்ளைகளில் பலர் தயங்குவதற்கு இது பெரிய காரணம். இதைப் பற்றி அவன் தானாகப் பேச மாட்டான். நீங்கள்தான் கேட்க வேண்டும். "நான் இல்லாதப்போ உனக்கும் அம்மாவுக்கும் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். அக்னிவீருக்கு ஆண்டு லீவு 30 நாள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் பிறகு வேறு யாரிடமாவது தெரிந்துகொண்டால் உங்கள் மற்றப் பேச்சும் எடுபடாது.

அடுத்தது கணக்கு. ஒரு தாளை எடுத்து இருவரும் சேர்ந்து எழுதுங்கள். திட்டப்படி மாதத் தொகுப்பு முதல் ஆண்டு 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 விழுக்காடு, வெளியே வரும்போது கிடைக்கும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிப்பு. கைக்கு வருவது முறையே 21,000, 23,100, 25,550, 28,000. நான்கு ஆண்டில் கைக்கு வந்த மொத்தம் 11,71,800 ரூபாய். சாப்பாடு, தங்குமிடம், உடை ராணுவத்துடையது என்பதால் ஒழுங்கான பையனால் இதில் பெரும்பகுதியைச் சேமிக்க முடியும். பிடித்த பணம் 5.02 லட்சம், அதே அளவு அரசு போடும், வட்டியோடு சேர்ந்து வெளியே வரும்போது ஏறக்குறைய 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். கடினமான இடத்தில் போஸ்டிங் என்றால் அதற்கான படி தனி. ஆயுள் காப்பீடு 48 லட்சம், அதற்குப் பிரீமியம் பிடிப்பதில்லை. பணியின் காரணமாக உயிர் போனால் கூடுதலாக 44 லட்சமும் மீதமிருக்கும் காலச் சம்பளமும் சேவா நிதியும் குடும்பத்துக்கு. பணியால் ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். ஆனால் நிரந்தரச் சிப்பாய் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாந்தரக் குடும்ப ஓய்வூதியம் இதில் இல்லை. அம்மா இருக்கும்போதே இந்த வரியையும் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் வீட்டில் பெரிய விரிசல் வரும்.

தாளின் மறுபக்கத்தில் அவன் சொல்லும் வழியை எழுதச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "கம்பெனி வேலை" என்று விடாமல், போன ஆண்டு அவன் காலேஜ் கேம்பஸில் சீனியர்களுக்குக் கிடைத்த உண்மையான சம்பளம், ஹாஸ்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவு, வேலை நிரந்தரமா, அப்ரண்டிஸா, காண்ட்ராக்டா என்பதெல்லாம் வர வேண்டும். நான்கு ஆண்டு கழித்து இரண்டு வழியிலும் கையில் என்ன இருக்கும், எந்தச் சான்றிதழ் இருக்கும், வயது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கட்டும். சிலருக்கு அக்னிவீர் பக்கம் கனக்கும், சிலருக்குக் கம்பெனி பக்கம். எந்தப் பக்கம் கனத்தாலும் அவன் கையால் போட்ட கணக்காக இருக்கும்.

"அப்புறம் என்ன?" என்பதற்கும் நேர்மையான பதில் வேண்டும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடும் 3 ஆண்டு வயதுத் தளர்வும் 2022-இல் அறிவித்தார்கள், முதல் அணிக்குத் தளர்வு 5 ஆண்டு. எல்லைப் பாதுகாப்புப் படைக் கான்ஸ்டபிள் பணியில் இந்த ஒதுக்கீட்டை 2025 டிசம்பரில் 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். அது ஒதுக்கீடுதான், வேலை உத்தரவாதம் இல்லை. தேர்வு எழுதித் தேற வேண்டும். பணியில் இருக்கும்போதே இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் படிக்கலாம், அதில் ராணுவத்தில் பெறும் திறன் பயிற்சிக்குப் பாதி மதிப்பலகு கொடுக்கிறார்கள். சேர்ந்த முதல் ஆண்டே பதிவு செய்தால்தான் நான்கு ஆண்டு முடியும்போது பட்டம் கைக்கு வரும். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 கடைசியிலிருந்து நான்கு ஆண்டு நிறைகிறது. உங்கள் ஊர்ப்பக்கம் அந்த அணியில் போனவர்கள் இருப்பார்கள். லீவில் வரும் அப்படி ஒருவனோடு உங்கள் மகன் தனியாக ஒரு மணி நேரம் பேசட்டும். நீங்கள் கூட இருக்க வேண்டாம். உங்கள் 24 ஆண்டு அனுபவத்தைவிட அந்த ஒரு மணி நேரம் அவனுக்குப் பயன்படும்.

இவ்வளவுக்கும் பிறகு அவனுக்கு மனம் திரும்பினால், நீங்கள் தயார்ப்படுத்தும் முறையை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் காலத்தில் முதலில் ஓட்டம், பிறகு மெடிக்கல், கடைசியில் எழுத்து. 2023 முதல் வரிசை தலைகீழ். முதலில் கம்ப்யூட்டர் வழியான பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மட்டுமே ஆள்சேர்ப்பு முகாமுக்கு அழைப்பு. ஆகவே விடியற்காலை ஓட்டத்தைவிட அவசரமானது கணக்கு, பொது அறிவு, அறிவியல், ரீசனிங் பயிற்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்பதால் ஊகித்து அடிக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். முன்பு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தது தமிழ்வழிப் பிள்ளைகளைத் தடுத்தது. 2025 முதல் தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு நடக்கிறது. எந்தப் பிரிவுக்கு எந்த மொழி என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ராணுவத்தின் ஜாயின் இண்டியன் ஆர்மி இணையதளத்தில் மட்டும். கடந்த ஆண்டுகளில் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே பதிவு திறந்திருக்கிறது. விண்ணப்பதாரர் கட்டுவது 250 ரூபாய். அதற்கு மேல் யாராவது "உள்ளே ஆள் இருக்கு" என்று லட்சக் கணக்கில் கேட்டாலோ ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ அது மோசடி. உங்கள் மாவட்டத்தைப் பார்ப்பது சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகம். திட்டம் அறிவித்தபோது வயது வரம்பு 17½ முதல் 21, அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 வரை. பிறந்த தேதி எதிலிருந்து எது வரை என்பது ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் வரும். அவனுக்கு 19 என்பதால் இன்னும் சில வாய்ப்புகள்தான், அதையும் கணக்கில் வையுங்கள்.

டிப்ளமோ முடித்தால் டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், டிப்ளமோவுக்குப் போனஸ் மதிப்பெண்ணும் உண்டு. படைவீரர், முன்னாள் படைவீரர் மகனுக்கும் போனஸ் மதிப்பெண்ணும் உயரத்தில் 2 செ.மீ. தளர்வும் இருக்கின்றன. இதைத் தவிர, ரெஜிமென்டல் சென்டர்களில் படைவீரர் வாரிசுகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் யூனிட் தலைமையகக் கோட்டாவில் தனி முகாம் நடப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ரெஜிமென்டின் மையமான வெலிங்டனில் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

இந்தச் சலுகைகள் பல வீடுகளில் கைநழுவுவது ஒரு சின்னக் காகிதத்தால். ரெக்கார்ட் ஆபீஸ் தரும் ரிலேஷன்ஷிப் சர்டிபிகேட்தான் அது. மகன் பிறந்தபோது யூனிட்டில் குடும்ப விவரத்தைப் பதிந்து போட்ட பார்ட் டூ ஆர்டரில் "கார்த்தி" என்று இருக்கும், பத்தாவது மார்க் ஷீட்டில் "கார்த்திகேயன்" என்று இருக்கும், ஆதாரில் இன்ஷியல் முன்னால், டிப்ளமோவில் பின்னால். பிறந்த தேதி ஸ்கூலில் சேர்க்கும்போது மாறியிருக்கும். முகாமில் காகிதம் பார்க்கும் மேசையில் இந்த ஒரு எழுத்தோ ஒரு தேதியோ மாறினால் போனஸ் போகும், சில சமயம் ஆளையே திருப்பி அனுப்புவார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தை இன்றே எடுத்து, மகன் மகள் இருவர் பெயரும் தேதியும் பத்தாவது மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்புங்கள். இது வாரக் கணக்கில் இழுக்கும் வேலை, முகாம் தேதி வந்தபின் தொடங்கினால் நடக்காது. ஊர் நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் முகாமுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் பொதுப் பணிப் பிரிவில் முழு 60 மதிப்பெண், 10 புல்-அப்ஸுக்கு 40. டெக்னிக்கல் பிரிவில் தேர்ச்சி பெற்றால் போதும். 5:30 என்றால் 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 82½ விநாடி. பையன்கள் முதல் சுற்றைக் கூட்டத்தோடு சேர்ந்து 70 விநாடியில் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நின்றுவிடுகிறார்கள். வாரம் மூன்று நாள் ஓடினால் போதும்: ஒரு நாள் 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு முறை, நடுவே இரண்டு நிமிடம் நடை, ஒரு நாள் மெதுவாக ஐந்து கிலோமீட்டர், ஒரு நாள் முழு 1.6 கிலோமீட்டர் கடிகாரம் வைத்து. தார் ரோட்டில் தினமும் ஓட வைத்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்து, முகாம் நேரத்தில் உட்கார்ந்துவிடுவான். மண் கிரவுண்டில் ஓடட்டும்.

மெடிக்கலில் திருப்பி அனுப்பவைக்கும் குறைகளையும் வீட்டிலேயே முன்கூட்டிப் பார்க்கலாம். பாதத்தை நனைத்துச் சிமெண்ட் தரையில் நிற்கச் சொல்லுங்கள். உட்பக்க வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதமா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால்கள் ஒட்டியிருக்க, கணுக்கால்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விழுகிறதா என்றும் பாருங்கள். காதழுக்கு, சொத்தைப் பல், விரைவீக்கம், மூக்குத் தண்டு வளைவு இவையெல்லாம் முன்பே சரி செய்யக்கூடியவை. முகாமுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். பச்சை குத்தியிருக்கிறானா என்றும் கேளுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையான உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் இருந்தால் தேர்வு சிக்கலாகும்.

அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டும் "வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்துங்கள். வற்புறுத்தி அனுப்புவதில் ஆபத்து இருக்கிறது. அக்னிவீர் நான்கு ஆண்டுக்கு முன் தன் விருப்பத்தில் வெளியே வர முடியாது. விதிவிலக்கான காரணத்துக்கு மட்டும், அதிகாரிகள் அனுமதித்தால் உண்டு. அப்படி வந்தால் தான் போட்ட பணமும் வட்டியும் மட்டுமே கிடைக்கும், அரசின் பங்கு போய்விடும். அதோடு, பயிற்சி மையத்தில் மனமில்லாத பையனுக்கு ஒவ்வொரு நாளும் தண்டனையாகத் தெரியும். அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

சீருடை போடாமல் படைக்கு உழைக்கும் வழிகளையும் அவனுக்குக் காட்டலாம். மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு இருக்கிறது. மிலிட்டரி இன்ஜினியர் சர்வீஸும் எல்லைச் சாலை நிறுவனமும் அதிலிருந்து ஆள் எடுக்கின்றன. நீங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீரும் கரண்டும் வந்தது, நீங்கள் ஏறிப்போன மலைச்சாலை திறந்திருந்தது அந்த ஆட்களால்தான். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் சீனியர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கும் டிப்ளமோ தகுதி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. சீருடைதான் வேண்டும், நான்கு ஆண்டுதான் தடை என்றால், அதே கமிஷன் நடத்தும் ஜி.டி. (பொதுப் பணி) கான்ஸ்டபிள் தேர்வு மத்திய படைகளுக்கு. பத்தாவது தகுதி, 2024 முதல் தமிழிலும் எழுதலாம், அடிப்படைச் சம்பளம் 21,700, ஓய்வு வயது 60. ஓட்டம் அதில் 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர், பொதுவான உயரத் தகுதி 170 செ.மீ.

கடைசி வரியில் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டின் அடுத்த படைவீரர் யார் என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் தெரிகிறது. யாரும் சொல்லாமலே ஓடுகிற பிள்ளை அவள். நேரமும் அவளுக்கு இருக்கிறது.

அவள் கணிதம் இருக்கும் குரூப்பில் படிக்கிறாளா என்று முதலில் பாருங்கள். தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வைப் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், வயது 16½ முதல் 19½. உச்ச நீதிமன்றம் 2021-இல் வழி திறந்தபின் 2022-இல் சேர்ந்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே 30-இல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, கணிதம் 300 மதிப்பெண், பொதுத்திறன் 600, பிறகு எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரி தேர்வு வாரியத்தின் நேர்முகம் 900. ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும் என்றாலும் கணிதத் தாள் எல்லோருக்கும் உண்டு. கடற்படை, விமானப்படைக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடம் குறைவு, அண்மை அறிவிப்புகளில் ராணுவப் பிரிவின் 208 இடங்களில் 10. ஆகவே இதை ஒரே நம்பிக்கையாக வைக்காதீர்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எஸ்.எஸ்.பி.யில் முதல் நாளே ஒரு படத்தை 30 விநாடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, குழுவுக்கு முன்னால் ஒரு நிமிடம் சொல்லச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பலர் திறமை இருந்தும் அந்த ஒரு நிமிட ஆங்கிலத்தில் திரும்பி வருகிறார்கள். இன்றிலிருந்தே தினமும் ஒரு செய்திப் படத்தை வைத்து வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகட்டும். உங்களுக்கு ரெஜிமென்ட் ஆங்கிலம் வரும், எதிரே உட்காருங்கள்.

அது தவறினால் காலேஜில் என்.சி.சி.யைத் தொடர்ந்து 'சி' சர்டிபிகேட்டைக் குறைந்தது பி கிரேடில் வாங்கி, 50 விழுக்காட்டோடு பட்டம் முடித்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் என்.சி.சி. சிறப்பு நுழைவு இருக்கிறது. பயிற்சி பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். 1992 முதல் அங்கே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது பெண்களுக்கான என்.சி.சி. சீனியர் பிரிவு அங்கே இருக்கிறதா என்று கேட்டபிறகே சேருங்கள். இல்லாத காலேஜில் சேர்ந்துவிட்டால் இந்த வழி அடைபடும். அறிவியல் குரூப்பில் உயிரியல் இருந்தால் நீட் எழுதி ராணுவ நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம், அது பெண்களுக்கு மட்டும்.

மிலிட்டரி போலீஸில் பெண் அக்னிவீராகவும் சேரலாம். அதற்கு 17½ வயது ஆக வேண்டும், உயரம் 162 செ.மீ., 1.6 கிலோமீட்டரை அதிகபட்சம் 8 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், 10 அடி நீளம் தாண்டுதல், 3 அடி உயரம் தாண்டுதல். இங்கேயும் அண்ணன் கேட்ட அதே நான்கு ஆண்டுக் கேள்வி இருக்கிறது. அதனால் அதிகாரி வழிகளை முதலில் முயலட்டும். உயரத்தை இப்போதே அளந்து பாருங்கள், தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் பெண்களுக்கு 152 செ.மீ. போதும்.

அடுத்த முறை தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது அவள் பிறந்த தேதி வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். ரெக்கார்ட்ஸுக்கு எழுதும் விண்ணப்பத்தில் மகன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.